புகார் நோட்டில் ஒரு நன்றி

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் முதல் தளத்து உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

 

"பண்டிகையும் குடும்பமும்னு பத்து நிமிஷம் பேசுங்க டீச்சர்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருடம் பேசிப் பேசியே சம்பளம் வாங்கியவள் நான். பத்து நிமிடத்தில் நிறுத்துவது கஷ்டம்தான். மணி அடித்தால் நிறுத்திவிடுகிறேன். அது மட்டும் பழக்கத்தில் இருக்கிறது.

நம் ஊரில் பண்டிகை என்றால் எது என்று உங்களுக்கே தெரியும். மற்ற ஊரில் தீபாவளிக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். திருவண்ணாமலையில் தீபாவளிக்கு வராத மகள்கூடத் தீபத்துக்கு வந்துவிடுவாள். அதனால் இன்றைக்குப் பொங்கலாக இருந்தாலும் நான் தீபத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பொங்கல் கோபித்துக்கொள்ளாது.

நான் கல்யாணமாகி வந்த வீடு தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த ஓட்டு வீடு. கோயிலில் கொடியேறிவிட்டால் எங்கள் வீட்டில் வேலை தொடங்கிவிடும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். புது அகல்களைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயைக் குடித்துவிடும். சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து திரி திரிக்க வேண்டும். செங்கம், போளூர், வேட்டவலம், திருக்கோவிலூர் என்று நாலு பக்கத்துச் சொந்தமும் வரும். ஒரு வருடம் இருபத்தெட்டுப் பேர் அந்த வீட்டில் படுத்தார்கள். எப்படிப் படுத்தோம் என்று இப்போது யோசித்தால் எனக்கே புரியவில்லை.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். தீபத்தன்று அந்த வீட்டுக்கு அவர்தான் கலெக்டர். விடியற்காலை நாலு மணிக்குக் கோயிலில் பரணி தீபம். அதற்கு முன்பே எழுந்து தலைக்கு ஊற்றிக்கொள்வார். நெல் பொரியும் பொட்டுக்கடலையும் தேங்காய்ப் பல்லும் கலந்து வைத்து, வெல்லப்பாகு பதம் பார்த்து ஊற்றி, கை பொறுக்கிற சூட்டிலேயே உருண்டை பிடிப்பார். பிறகு அப்பம். இவ்வளவும் செய்துவிட்டு அவர் மட்டும் ஒரு வாய் சாப்பிட மாட்டார். மலையில் ஜோதி தெரிந்த பிறகுதான் அவருக்குச் சாப்பாடு.

பிள்ளைகளுக்கு மாவளி. இந்தத் தலைமுறைக் குழந்தைகளுக்காகச் சொல்கிறேன். ஆண் பனையின் பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடி செய்து, துணியில் இறுகச் சுற்றி, பனை மட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, நெருப்பு வைத்துக் கயிற்றில் சுழற்றுவார்கள். வட்டமாகப் பொறி பறக்கும். கடையில் வாங்குகிற எந்த மத்தாப்பும் அதற்கு ஈடாகாது. காசும் கிடையாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடம் மட்டும் வெளியே வந்து காட்சி கொடுத்து உள்ளே போவார். அந்த நேரத்தில் 2,668 அடி மலை உச்சியில் மகா தீபம் ஏற்றுவார்கள். மலையில் ஜோதி தெரிந்த பிறகுதான் ஊரில் வீட்டு வாசல்களில் விளக்கு ஏறும். அதுவரை எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியிருக்கும்.

அந்தத் தீபத்தைப் பற்றி வகுப்பில் நான் ஒரு விஷயம் சொல்வது உண்டு. உச்சியில் எரிவது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கொப்பரையை அவ்வளவு உயரம் தோளில் சுமந்துகொண்டு போகிறவர்களை நினைத்துப் பார்ப்பவர் குறைவு. பருவத ராஜ குலத்தார் அதைப் பரம்பரையாகச் செய்கிறார்கள். ஆயிரம் மீட்டர் அளவுக்குக் காடாத் துணி, ஆயிரக்கணக்கான கிலோ நெய், எல்லாமே மனிதர்கள் சுமந்துதான் மேலே போகின்றன. யாரோ சுமப்பதால்தான் பதினோரு நாள் நம்மால் அண்ணாந்து பார்க்க முடிகிறது. வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு நான் வீட்டுக்கு வந்து எப்படி நடந்துகொண்டேன் என்பதைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

ஒன்பது வருடத்துக்கு முன் இந்தக் குடியிருப்புக்கு வந்தோம். எங்களுக்கு எதிர் வீட்டில் இருப்பவர் அரசுப் பேருந்து ஓட்டுநர். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், பின் வரிசையில். பேர் சொல்லக்கூடாது என்று அவர் மனைவியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதனால் தம்பி என்றே சொல்கிறேன்.

தம்பிக்கு டூட்டி நேரம் மாறி மாறி வரும். சில நாள் இரவு ஒன்றரை மணிக்கு, இரண்டு மணிக்கு வருவார். அப்போது கேட் ஒரு சத்தம் போடும். யானை பிளிறுவது மாதிரி. அத்தைக்குத் தூக்கம் கலைந்தால் அப்புறம் எனக்கும் தூக்கம் கிடையாது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, 2023 ஆகஸ்ட்டில் சங்கத்தின் புகார் நோட்டில் நான் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் இன்றைக்கும் தெளிவாகப் படிக்கலாம். "முதல் தளத்தில் வசிக்கும் ஓட்டுநர் நள்ளிரவில் பொறுப்பின்றிக் கேட்டைத் திறப்பதால் முதியோர் அவதிப்படுகின்றனர். சங்கம் நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

'பொறுப்பின்றி' என்று எழுதினேன். ஐம்பது பேருடைய உயிரை இரவெல்லாம் கையில் வைத்துக்கொண்டு வந்து இறங்குகிற மனிதரை அப்படி எழுதினேன்.

சங்கம் அவரைக் கூப்பிட்டுப் பேசியது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு இரவில் கேட் சத்தம் நின்றுவிட்டது. வண்டியை வெளியே தெருவிலேயே நிறுத்திவிட்டு, பக்கத்துச் சின்னக் கதவு வழியாக நடந்து வருகிறார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் மழையில் அந்த வண்டியின் சீட்டுக் கிழிந்துபோயிருந்தது.

இப்போது 2024-க்கு வருகிறேன். அந்த வருடம் உங்களில் யாருக்கும் மறந்திருக்காது. டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழை. அன்றைக்குச் சாயங்காலம் வ.உ.சி. நகரில் மலைச் சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் போனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். எந்த மலையைப் பார்த்து நாம் கும்பிடுகிறோமோ அதைப் பார்க்கவே அந்த வாரம் பயமாக இருந்தது. சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணைக் கரை ஊர்களில் வெள்ளம். திருக்கோவிலூர் பக்கத்துச் சொந்தங்கள் தங்கள் வீட்டிலேயே சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களும் "இந்த வருஷம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். என் மகன் பெங்களூருவில், மகள் துபாயில். இருபத்தெட்டுப் பேர் படுத்த குடும்பத்தில் அந்தத் தீபத்துக்கு மூன்றே பேர். நான், என் வீட்டுக்காரர், அத்தை.

தீபம் டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை. பக்தர்கள் மலையேற அந்த ஆண்டு அனுமதி இல்லை. ஆனால் தீபம் வழக்கப்படி ஏறும் என்று சொல்லிவிட்டார்கள். அத்தைக்கு அப்போது வயது 84. முந்தைய வருடம் விழுந்து இடுப்பில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. கைத்தடி பிடித்து வீட்டுக்குள் நடப்பார். படி ஏற முடியாது.

எங்கள் ஜன்னலில் முன்பு மலை தெரியும். பக்கத்துக் கட்டடம் எழும்பிய பிறகு மொட்டை மாடிக்குப் போனால்தான் உண்டு. லிஃப்ட்டில் மூன்றாம் தளம் வரை போய், மீதிப் படியை எப்படியாவது பிடித்து ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஆனால் 1-ஆம் தேதி மழையில் லிஃப்ட்டுக் குழியில் தண்ணீர் புகுந்து, 13-ஆம் தேதி வரை லிஃப்ட் ஓடவில்லை. எங்கள் தளத்திலிருந்து மொட்டை மாடிக்கு 54 படி. என் வீட்டுக்காரருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. எனக்கு முட்டி வலி.

அத்தை விடியற்காலையிலிருந்து சாப்பிடவில்லை. நான் எவ்வளவோ சொன்னேன். "டிவியில காட்டுவாங்க அத்தை. அதப் பாத்துட்டு சாப்பிடுங்க." அவர் கோபப்படவில்லை. "அறுபத்தஞ்சு வருஷமா கண்ணால பாத்துட்டுத்தான் சாப்பிட்டேன். இன்னிக்கு ஒருநாள் சாப்பிடாட்டி ஒண்ணும் ஆயிடாது" என்றார். சொல்லிவிட்டுப் புதுப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கட்டிக்கொள்ளவும் இல்லை, உள்ளே வைக்கவும் இல்லை.

மணி நாலரை இருக்கும். தம்பி படியேறி வந்தார். தீபத்தன்று பேருந்து ஊருக்குள் வராது என்பது உங்களுக்குத் தெரியும். தற்காலிகப் பேருந்து நிலையத்தில் இறங்கி, அந்தக் கூட்டத்தில் நடந்தே வந்திருக்கிறார். முந்தைய நாள் இரவிலிருந்து சிறப்புப் பேருந்து. மறுபடி ஒன்பது மணிக்கு டூட்டி. நடுவில் தூங்கக் கிடைத்தது அந்த நாலு மணி நேரம்தான். எங்கள் கதவு திறந்திருந்தது. ஷூவைக் கழற்றிக்கொண்டே உள்ளே பார்த்தார்.

"இன்னா ஆயா, இன்னும் மேல போகலியா?"

அத்தை சிரித்தார். "எங்கப்பா போறது. காலு வேலைநிறுத்தம் பண்ணுது."

அவர் என்னைப் பார்த்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒன்றுமே கேட்காமல் தன் வீட்டுக்குள் போய், கையுள்ள பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்றாம் தளத்தில் சேர்ந்து தங்கியிருக்கும் பையன்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டார். நம் காவலாளி அண்ணனும் வந்துவிட்டார். "ஆயா, புதுப் புடவையக் கட்டிக்கினு வாங்க. நேரமாவுது" என்றார்.

ஐந்தரை மணிக்கு அத்தையை நாற்காலியில் உட்காரவைத்து, நழுவிவிடாமல் இரண்டு துண்டால் கட்டினார்கள். பையன்கள் இரண்டு பேரும் முன்பக்கம். தம்பியும் காவலாளி அண்ணனும் பின்பக்கம், பாரம் மொத்தமும் இறங்குகிற பக்கம். நான் தண்ணீர்ப் பாட்டிலோடு பின்னால் போனேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி, "பயமா கீதா ஆயா?" என்று கேட்டார். "வண்டிய நல்லாத்தான் ஓட்டற" என்றார் அத்தை. 54 படியும் ஏறி மாடியில் இறக்கியபோது தம்பியின் சட்டை முழுக்க வேர்வை. பத்தொன்பது மணி நேரமாகத் தூங்காத மனிதர்.

அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஏற்கெனவே மாடியில் இருந்தார்கள். அப்பாவைப் பார்த்ததும் அந்தச் சின்னப் பெண், "அப்பா, நீ தூங்கலியா? எங்ககூட தீபம் பாக்கப் போறியா?" என்று கத்தினாள். அந்தக் குழந்தைக்கு அப்போது ஏழு வயது. அப்பாவோடு சேர்ந்து தீபம் பார்ப்பது அதுதான் அவளுக்கு முதல் தடவை. ஒவ்வொரு தீபத்துக்கும் அவர் எங்கேயாவது யாரையாவது ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருப்பார்.

ஆறு மணிக்கு மலையில் ஜோதி தெரிந்தது. ஊரே அரோகரா என்றது. அத்தை இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, முதலில் தம்பியைத்தான் கேட்டார். "நீ சாப்பிட்டியாப்பா?"

அவர் இல்லை என்றார். தான் பிடித்த பொரி உருண்டையில் முதலாவதை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் ஒரு வாய் கடித்த பிறகுதான் அத்தை சாப்பிட்டார். தம்பி அப்போது மெதுவாகச் சொன்னார். "எங்கம்மாவ ஒரு வருஷம்கூட இந்த மாதிரி இட்டாந்து காட்டினதில்ல ஆயா. ஊருலதான் இருந்தாங்க. எனக்கு டூட்டி. அப்புறம் அவங்க போயிட்டாங்க."

கீழே இறக்கிவிட்டு, எட்டரை மணிக்கு மறுபடி பையை எடுத்துக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிவிட்டார். நான் வாசலில் நின்று, "ரொம்ப நன்றி தம்பி" என்றேன். "இதுக்குப் போயி இன்னா டீச்சர்" என்றார். புகார் நோட்டைப் பற்றிச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை. முப்பத்து மூன்று வருடம் மற்ற பிள்ளைகளை "மன்னிப்புக் கேள்" என்று சொன்ன வாய் அது.

அதுதான் அத்தைக்குக் கடைசித் தீபம். 2025 வைகாசியில் போய்விட்டார்.

இறந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை கிடையாது. பலகாரம் செய்யக்கூடாது. போன மாதம் 3-ஆம் தேதி தீபத்தன்று எங்கள் வீட்டில் அடுப்பில் சாதம் மட்டும்தான். வாசலில் அகல் இல்லை. நான் மாடிக்கும் போகவில்லை. ஐந்து மணிக்குக் கதவைத் தட்டினார்கள். தம்பியின் மனைவி, ஒரு தூக்கில் அப்பம், ஒரு தட்டில் பொரி உருண்டை. "உங்க வீட்டுல செய்யக்கூடாது, ஆனா நாங்க கொடுத்தா சாப்பிடலாம் டீச்சர்" என்றாள். அதுவும் நம் வழக்கம்தான். துக்க வீட்டுக்குப் பண்டிகையை அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பது. பெரிய குடும்பத்தில் இருந்தபோது அது எனக்கு ஒரு சடங்காகத்தான் தெரிந்தது. அன்றைக்குத்தான் அது எதற்காக ஏற்பட்டது என்று புரிந்தது.

அவள் பின்னால் அவர்களுடைய பையன் நின்றான். பத்து வயது. அதே நாற்காலியைத் தூக்கிப் பிடித்திருந்தான். "அப்பா டூட்டியிலேர்ந்து போன் பண்ணுச்சு. மூணாவது மாடித் தாத்தாவுக்கு முட்டி வலி, நாற்காலிய மேல கொண்டுபோய் வெச்சு, அண்ணங்களைக் கூப்பிட்டுத் தாத்தாவை ஏத்தச் சொல்லுச்சு. உங்களையும் இட்டாரச் சொல்லுச்சு."

லிஃப்ட் இப்போது ஓடுகிறது. ஆனால் மூன்றாம் தளத்தோடு நின்றுவிடும். மீதிப் 18 படி எந்த வருடமும் இருக்கத்தான் போகிறது. எங்கேயோ பேருந்து ஓட்டிக்கொண்டே அந்த 18 படியை ஒருவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் மாடிக்குப் போனேன்.

மணி அடிக்கப்போகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்கு மூன்று விண்ணப்பம் இருக்கிறது.

முதலாவது, அந்த நாற்காலி. இனி ஒவ்வொரு தீபத்துக்கும் மாலை ஐந்து மணிக்கு, படி ஏற முடியாத யாராக இருந்தாலும் நாற்காலியில் மாடிக்குப் போக வேண்டும். இது நம் குடியிருப்பின் வழக்கமாக வேண்டும். பேர் எழுத ஒரு தாளைக் கீழே அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். நல்ல மர நாற்காலி ஒன்றை அத்தையின் நினைவாக நான் வாங்கிக் கொடுக்கிறேன்.

இரண்டாவது, நம் குடியிருப்பில் ஓட்டுநர் இருக்கிறார், செவிலியர் இருக்கிறார், ஒரு காவலர் குடும்பம் இருக்கிறது. லட்சக்கணக்கான பேர் வந்து தீபம் பார்க்கிற நாளில் இவர்கள் யாரும் வீட்டில் இருப்பதில்லை. அவர்கள் வீட்டுக் கதவை அன்றைக்கு ஒரு தடவை தட்டுங்கள். டூட்டிக்குப் போகிறவர் கையில் ஒரு பொட்டலம் புளிசாதம் கொடுத்து அனுப்புங்கள். வருகிற வருடம் நான் கட்டிக்கொடுக்கிறேன், கூட யார் வருகிறீர்கள் என்று பிறகு சொல்லுங்கள்.

மூன்றாவது, புகார் நோட்டு. நேற்று அதைச் செயலாளரிடம் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். தண்ணீர், பார்க்கிங், நாய், குப்பை, கேட் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. எல்லாம் தேவைதான். ஆனால் எட்டு வருடத்தில் ஒருவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அதில் இல்லை. 54 படி அதில் இல்லை. நாளைக்கு யாராவது அந்த நோட்டைப் பார்த்தால், தம்பியைப் பற்றி அவர்களுக்குக் கிடைக்கிற ஒரே வரி நான் எழுதியதுதான். 'பொறுப்பின்றி.'

அதனால் நேற்று ராத்திரி அதே பக்கத்தில், அந்தப் புகாருக்குக் கீழேயே, நான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படிக்கிறேன். "மேலே கண்ட புகாரில் நான் எழுதியது தவறு. குற்றம் கேட்டின் கீலில் இருந்தது, ஓட்டுநரிடம் இல்லை. 13.12.2024 அன்று அவர் தூக்கத்தை விட்டு என் அத்தையை 54 படி சுமந்து தீபம் காட்டினார். அவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன், நன்றியும் சொல்லிக்கொள்கிறேன்."

கேட்டின் கீலுக்கு இன்று காலை நானே எண்ணெய் விட்டேன். முப்பது ரூபாய் எண்ணெய். இப்போது சத்தமே இல்லை. தம்பி, இனி வண்டியை உள்ளேயே நிறுத்துங்கள்.

கடைசியாக ஒன்று. மகா தீபக் கொப்பரையில் எடுக்கிற மையை மார்கழித் திருவாதிரையில் நடராஜருக்கு வைத்துவிட்டுப் பக்தர்களுக்குக் கொடுப்பார்கள். போன வருடம் அத்தைக்கென்று வாங்கியது ஒரு சிமிழில் இருக்கிறது. அவர் தொட்டு இட்டுக்கொண்டது போக மீதி அப்படியே உள்ளது. அதைத் தம்பியின் வீட்டில்தான் வைக்க வேண்டும் என்று தோன்றியது. எழுந்து வாங்க தம்பி. கூச்சப்பட வேண்டாம், எல்லோரும் நம்மவர்கள்தான்.